தந்தைக்குக் கொடுத்த வாக்கு: வைத்தியர் தலிமெரென் ஆவோ

வடபுலத்துக் கிராமங்களில் பந்து உதைக்காமல் வளர்ந்த பிள்ளையைக் காண்பது அரிது. அறுவடை முடிந்த வயலும், கோவிலின் வெளி வீதியும், கடற்கரை மணலுமே அவர்களுக்கு மைதானம். சப்பாத்து இல்லாதது ஒரு குறையாகவே தோன்றாத காலமும் ஒன்று இருந்தது. அப்படி வெறுங்காலுடன் பந்து உதைத்து வளர்ந்த மலைக் கிராமத்துப் பையன் ஒருவர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கினார். சுதந்திர இந்தியாவின் கொடியைப் பிடித்துக்கொண்டு தம் நாட்டு வீரர்களுக்கெல்லாம் முன்னே நடந்தவரும் அவரே. பேரும் புகழும் கைக்கு எட்டியிருந்த அந்த வேளையில் அவர் பந்தின் பின்னால் போகவில்லை. சாகும் தறுவாயில் தந்தை சொன்ன ஒரு சொல்லை நிறைவேற்றுவதற்காக வைத்தியராகித் தன் மலைக்கே திரும்பிச் சென்றார். தலிமெரென் ஆவோ என்பது அவர் பெயர். பத்திரிகைகள் ரி. ஆவோ என்றே எழுதின.

ஆவோ என்பது குடும்பப் பெயரன்று, இனத்தின் பெயர். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பர்மாவின் எல்லையை ஒட்டியிருக்கும் நாகா மலைகளில் பல இன மக்கள் வாழ்கின்றனர். வெளியார் எல்லாரையும் சேர்த்து நாகர் என்று அழைத்தாலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனி மொழி உண்டு; ஒரு மலையில் பேசுவது அடுத்த மலையில் விளங்காது. அவ்வினங்களுள் ஒன்று ஆவோ. தன் பெயரோடு இனத்தின் பெயரையே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்குண்டு. ஆகவே அவர் எங்கே போனாலும், எந்தப் பத்திரிகை அவரைப்பற்றி எழுதினாலும், அவருடைய மக்களின் பெயரும் கூடவே போயிற்று.

அவர் 1918ஆம் ஆண்டு சனவரி 28ஆம் திகதி சாங்கி என்னும் கிராமத்திற் பிறந்தார். இன்று அது நாகாலாந்து மாநிலத்தின் மொகொக்சுங் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் சுபொங்வாதி நிங்தாரி ஒரு போதகர். அமெரிக்க மிசனரியான எட்வேர்ட் கிளார்க் 1872இல் ஆவோ மக்களிடையே வந்து, அவர்கள் பேச்சை ரோமன் எழுத்தில் எழுதவும் கற்பிக்கவும் தொடங்கியிருந்தார். பின்னர் இம்பூர் என்னும் இடத்தில் மிசன் நிலையமும் பாடசாலையும் எழுந்தன. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையும் தெல்லிப்பழையும் அமெரிக்க மிசனால் எவ்வாறு கல்வி நிலையங்கள் ஆயினவோ, ஆவோ மக்களுக்கு இம்பூர் அவ்வாறானது எனலாம். போதகரின் வீட்டிலே பன்னிரண்டு பிள்ளைகள். தலிமெரென் நான்காமவர். அத்தனை பிள்ளைகள் உள்ள ஒரு போதகர் வீட்டின் நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இம்பூரின் புல்வெளியிலே சிறுவர்கள் கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி உதைத்தார்கள். துணிப்பந்து தோற்பந்தைப் போலத் துள்ளி எழாது, நிலத்தோடு உருளும், மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும். அதனைக் காலால் அடக்கப் பழகியவனுக்கு நல்ல பந்து பின்னர் கையில் எடுத்த பொருள் மாதிரி. மலைச் சரிவில் ஏறி இறங்கிய கால்களும் அதற்கு உதவியிருக்க வேண்டும்.

இம்பூரில் ஆரம்பக் கல்வி முடிந்ததும் அவர் மலையிலிருந்து இறங்கி அஸ்ஸாமின் சமவெளியிலுள்ள ஜோர்ஹாட்டுக்கு மேற்படிப்புக்காகச் சென்றார். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நகரம் அது. பாடசாலை அணியிலே அவருடைய ஆட்டம் முதலில் கவனத்துக்கு வந்தது அங்கேதான்.

1935ஆம் ஆண்டில் வீட்டிலே இடி விழுந்தது. தந்தையார் நெருப்புக் காய்ச்சலில் விழுந்தார். நம்மவர் பழைய நாளில் அந்தப் பெயரைக் கேட்டாலே எப்படி நடுங்கினார்களோ, அங்கும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அதற்கு நேரான மருந்து கிடையாது. கஞ்சியும் தண்ணீரும் கொடுத்து, மூன்றாம் கிழமை தாண்டுகிறதா என்று பார்த்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. போதகர் பிழைக்கவில்லை. ஆனால் போகுமுன் மகனிடம் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அவன் ஒரு வைத்தியனாக வர வேண்டும். வந்து தன் மக்களுக்கே தொண்டு செய்ய வேண்டும். இதுவே அவர் கேட்டது. அப்போது பையனுக்குப் பதினேழு வயது.

ஒரு போதகர் தம் மகனையும் போதகனாகும்படி கேட்டிருந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். அவர் அவ்வாறு கேட்கவில்லை. தமது மலைக்கு என்ன இல்லை என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்துகொண்ட ஒருவரின் வேண்டுகோள் அது. இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிடலாம். குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து நெருப்புக் காய்ச்சலைக் குணமாக்கும் என்று மலாயாவில் நிரூபிக்கப்பட்டது 1948ஆம் ஆண்டில். அதாவது மகன் இலண்டனில் கொடி பிடித்து நடந்த அதே ஆண்டு. தந்தையைப் பொறுத்தவரை அது பதின்மூன்று ஆண்டு பிந்திய மருந்து.

தந்தையில்லாத அந்தப் பையன் பின்னர் குவாஹாத்தி நகரில் உள்ள கொட்டன் கல்லூரியிற் சேர்ந்தார். 1901இல் நிறுவப்பட்ட அக்கல்லூரி அன்றைய அஸ்ஸாமிலே உயர்கல்விக்கு முதலிடம் வகித்தது. தலிமெரெனின் பெயர் பரவியது அங்கேதான். உதைபந்தாட்டத்தில் மட்டுமன்றி மெய்வல்லுநர் போட்டிகளிலும் அவர் பரிசுகளைத் தட்டிக்கொண்டார். கல்லூரிக்கு வெளியே நகரத்தின் மகாராணா கழகத்துக்காகவும் ஆடினார். அங்கே உடன் ஆடிய சரத் தாஸ் என்னும் வீரர் அவருடைய நெருங்கிய நண்பரானார். இந்த நட்பு பின்னர் பெரிய வாசல் ஒன்றைத் திறந்துவிட்டது.

1942ஆம் ஆண்டில் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. தந்தை போய் ஏழு ஆண்டுகள் கழித்தே வாக்கின் முதற்படியில் கால் வைக்க முடிந்தது. அந்தக் கல்லூரிதான் 1948 முதல் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது.

அவர் கல்கத்தாவிற் படித்த காலம் சாதாரண காலமன்று. 1942 டிசம்பரில் யப்பானிய விமானங்கள் நகரத்தில் குண்டு வீசின. 1943இல் வங்காளத்தின் பெரும் பஞ்சம் வந்தது. கிராமங்களிலிருந்து பட்டினியோடு வந்தவர்கள் நகரத்துத் தெருக்களிலே விழுந்து மடிந்தார்கள். 1944இல் போர் அவருடைய சொந்த மலைக்கே போய்விட்டது. கோஹிமா நகரைச் சுற்றி யப்பானியப் படையும் பிரித்தானியப் படையும் ஏப்பிரல் முதல் யூன் வரை மோதின. நாகர்களின் ஊர்கள் இடையில் அகப்பட்டுச் சிதைந்தன. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தது. அதற்கடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. இத்தனைக்கும் நடுவே ஒரு மலைநாட்டு மாணவன் உடற்கூறும் மருந்தியலும் படித்துக்கொண்டு, பின்னேரங்களில் பந்தும் ஆடிக்கொண்டிருந்தான்.

அவர் பந்தாடிய கழகம் எதுவென்று சொன்னால்தான் அதன் பெருமை விளங்கும். நண்பர் சரத் தாஸ் அவரை மோகன் பகான் கழகத்துக்கு அழைத்துச் சென்றார். 1943 முதல் அதிலே ஆடத் தொடங்கினார். 1889இல் தோன்றிய அக்கழகம் வங்காளிகளுக்கு வெறும் விளையாட்டுக் கழகமன்று. 1911 யூலை 29ஆம் திகதி கிழக்கு யோர்க்சயர் படையணியை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று ஐ. எவ். ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய அணி அது. அன்று வென்ற பதினொருவரில் பத்துப்பேர் வெறுங்காலுடன் ஆடினர். சப்பாத்து அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை வெறுங்கால்கள் வென்ற கதையைச் சொல்லிச் சொல்லியே இரண்டு தலைமுறைகள் வளர்ந்தன.

அப்படிப்பட்ட கழகத்துக்குள் வங்காளியல்லாத, மலையிலிருந்து வந்த ஓர் இளைஞர் நுழைந்தது மட்டுமன்றி, பின்னாளில் அதன் அணித் தலைவராகவும் விளங்கினார். நல்ல உயரமும் பலமும் உடையவர். தற்காப்பிலும் தற்காப்புக்கு முன்னுள்ள நடுக்களத்திலும் ஆடினார். எதிரணியின் முன்கள வீரரிடமிருந்து பந்தைப் பறிப்பதே அந்த இடத்தின் வேலை. கோல் போடுபவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். கோல் விழாமற் காப்பவனைப் பெரும்பாலும் தோற்ற நாளில்தான் நினைப்பார்கள். அவர் ஆடிய காலத்தில் மோகன் பகான் 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் கல்கத்தா லீக்கை வென்றது. 1911க்குப் பின் எட்டாதிருந்த கேடயம் 1947இல் மீண்டும் கைக்கு வந்தது; அடுத்த ஆண்டும் அதனை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் காலத்து ஆட்டத்தில் இப்போதுபோலக் கோடிக்கணக்கில் பணம் புழங்கவில்லை. ஊதியம் பெறாத ஆட்டம் என்பதே அன்றைய சட்டம். பேர் கிடைக்கும், கைதட்டல் கிடைக்கும், தெருவில் நடந்தால் ஆட்கள் அடையாளம் காண்பார்கள். மருத்துவப் படிப்போ இன்னொரு பக்கம் காத்திருந்தது. 1942இற் சேர்ந்தவர் பட்டம் பெற்றது 1950இல். எட்டு ஆண்டுகள். பந்து அவருடைய படிப்பைப் பின்தள்ளவில்லை என்று சொல்வது முகத்துதியாகும். போரும் பஞ்சமும் கலவரமும் ஒரு பங்கு என்றால் மைதானமும் ஒரு பங்குதான். சில பருவங்களில் தந்தையின் சொல் பின்னேரத்து ஆட்டத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் ஒருபோதும் படிப்பைக் கைவிடவில்லை. பரீட்சையை ஒத்திவைத்தாரே தவிர, வாக்கை ஒத்திவைக்கவில்லை.

1948ஆம் ஆண்டு வந்தது. போரினால் இரண்டு முறை நின்றுபோன ஒலிம்பிக் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் நடந்தது. இந்தியா சுதந்திர நாடாகச் சென்ற முதலாவது ஒலிம்பிக் அது. உதைபந்தாட்ட அணிக்கு ஆவோ தலைவராகத் தெரிவானார். யூலை 29ஆம் திகதி வெம்பிளி அரங்கில் தொடக்க விழா நடைபெற்றபோது இந்தியக் கொடி அவர் கையிலேயே கொடுக்கப்பட்டது.

இதனுள்ளே ஒரு முரண் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1947 ஆகஸ்ட் 14ஆம் திகதி, இந்தியா சுதந்திரம் பெறுவதற்கு முந்திய நாள், நாகா தேசிய மன்றம் நாகர் தனி நாட்டினர் என்று அறிவித்திருந்தது. மலையிலே அந்தக் கேள்வி கொதித்துக்கொண்டிருந்தபோது, ஓராண்டு முடியுமுன், உலகத்தின் முன் இந்தியக் கொடியைத் தூக்கி நடந்தவர் ஒரு நாகர். அவருடைய மனத்தில் அன்று என்ன ஓடியது என்பது அவருக்கே வெளிச்சம். அவர் அரசியல் மேடை ஏறியவரல்லர். மலையில் அவரை இதற்காகத் தள்ளிவைத்தவர்களும் இல்லை. ஆவோ இனத்துப் பையன் ஒருவன் ஒலிம்பிக்குக்குப் போனான் என்பதையே அங்குள்ளவர்கள் இன்றுவரை பெருமையோடு சொல்கிறார்கள்.

1948 யூலை 31ஆம் திகதி இலண்டனுக்கு அருகே இல்ஃபோர்டில் உள்ள கிரிக்கிள்ஃபீல்ட் மைதானத்தில் இந்தியாவும் பிரான்சும் மோதின. ஐரோப்பியர் பார்த்திராத ஒன்றை அன்று பார்த்தார்கள். இந்திய வீரர்களிற் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் இறங்கினர். சிலர் பாதத்தில் துணிக்கட்டு மட்டும் போட்டிருந்தனர். முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன. சைலன் மன்னா அடித்ததும் கோலாகவில்லை. மகாவீர் பிரசாத் அடித்ததும் கோலாகவில்லை. எழுபதாவது நிமிடத்தில் மைசூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதலாவது உதைபந்தாட்டக் கோல் அதுவே. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிரான்ஸ் இரண்டாவது கோலை அடித்தது. இரண்டுக்கு ஒன்று. தோல்விதான். ஆனால் பார்வையாளர்கள் தோற்ற அணிக்கே அதிகம் கைதட்டினார்கள் என்று சொல்வர்.

அதே நாளில், அதே இலண்டனில், வெம்பிளி அரங்கில் நானூறு மீற்றர் தடைதாண்டல் இறுதி ஓட்டம் நடந்தது. கண்டி திரித்துவக் கல்லூரியில் ஓடிப் பழகிய டங்கன் வைற் இரண்டாவதாக வந்து இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுக் கொடுத்தார். இலங்கை தன் பெயரில் ஒலிம்பிக்குக்குச் சென்ற முதலாவது முறையும் அதுதான். கல்லூரி மைதானங்களில் உருவான இருவர், புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற இரண்டு நாடுகளுக்காக, ஒரே நாளில் ஒரே நகரில் களம் இறங்கினர். ஒருவருக்குப் பதக்கம், மற்றவருக்குக் கைதட்டல்.

ஆட்டம் முடிந்தபின் பத்திரிகையாளர் ஒருவர் ஏன் சப்பாத்துப் போடவில்லை என்று ஆவோவைக் கேட்டாராம். இந்தியர் ஆடுவது காலால் ஆடும் பந்து, நீங்கள் ஆடுவதோ சப்பாத்தால் ஆடும் பந்து என்ற பொருளில், ஆங்கிலச் சொற்களைக் கொண்டே ஒரு சிலேடை சொல்லி அவர் சிரிக்க வைத்ததாகக் கதை. அடுத்த நாள் பத்திரிகைகளில் அந்தச் சிலேடை ஆட்டத்தைக் காட்டிலும் பேசப்பட்டது. சிலேடை அழகானது. ஆனாலும் அதற்காக வெறுங்காலை மேன்மைப்படுத்திவிட முடியாது. நான்கே ஆண்டுகளின் பின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவைப் பத்துக்கு ஒன்று என்று தோற்கடித்தது. குளிரிலும் ஈரப் புல்லிலும் வெறுங்கால் எடுபடாது என்பது அன்று தெளிவாயிற்று; அதன்பின் இந்திய அணியும் சப்பாத்துக்கு மாறியது.

ஒலிம்பிக்குக்குப் பின் அணி ஐரோப்பாவில் சில ஆட்டங்களில் பங்குபற்றியது. நெதர்லாந்தின் அஜாக்ஸ் கழகத்தை ஐந்துக்கு ஒன்று என்று வென்றதும் அந்தப் பயணத்தில்தான். இக்காலத்திலேயே இலண்டனின் புகழ்பெற்ற ஆர்சனல் கழகம் ஆவோவைத் தம்மிடம் ஆட அழைத்தது என்றும், மருத்துவப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கூறி அவர் மறுத்தார் என்றும் அவரைப்பற்றி எழுதுவோர் எல்லாரும் குறிப்பிடுவர். அது எந்த அளவு முறைப்படியான அழைப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இலண்டனில் தங்குவதற்கு ஒரு வழி இருந்திருந்தாலும் அவர் தங்கியிருக்க மாட்டார் என்பதில் ஐயமில்லை. இறுதிப் பரீட்சைகள் இன்னும் பாக்கி.

1950இல் பட்டம் கிடைத்தது. தந்தை கேட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்டவர் இல்லை, கேட்ட காரியத்தின் முதற்பாதிதான் முடிந்திருந்தது. வைத்தியனாக வா என்பது முதற்பாதி. உன் மக்களிடம் வா என்பது மறுபாதி. உண்மையில் இந்த மறுபாதிதான் கடினமானது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஊருக்குத் திரும்புவது எவ்வளவு அரிது என்பது இங்குள்ள எந்தக் கிராமத்துக்கும் தெரிந்த விடயமே. கல்கத்தாவில் அவரை அறியாத விளையாட்டு இரசிகர் இல்லை. மோகன் பகானின் முன்னாள் தலைவர் ஒருவர் அந்த நகரத்திலே வைத்தியசாலை ஒன்று வைத்துப் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருந்தால் நோயாளருக்குக் குறைவிராது.

அவர் முதலில் அஸ்ஸாமின் திப்ருகர் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிற் பணியாற்றினார். பின் 1950களின் முற்பகுதியிலேயே மலையேறி, கோஹிமாவில் அரசாங்க வைத்தியராகச் சேர்ந்தார். பந்தாட்டமும் அத்துடன் முடிந்தது. முப்பத்து நான்கு, ஐந்து வயதில் அது முடிய வேண்டியதுதான் என்று சொல்லலாம். ஆனால் மற்றவர்கள் அந்த வயதிற் பயிற்சியாளராகவோ கழக நிர்வாகியாகவோ மைதானத்தைச் சுற்றியே இருந்துவிடுவார்கள். அவர் மைதானத்தை விட்டு நானூறு மைலுக்கு அப்பால் போய்விட்டார்.

அவர் திரும்பிய மலை, துணிப்பந்து உதைத்த காலத்து மலையன்று. போரிற் சிதைந்த கோஹிமா இன்னும் முழுதாக எழவில்லை. பாதைகள் குறைவு, மழை நாட்களில் உள்ள பாதையும் மண்சரிவால் அடைபடும். நோயாளியை மூங்கில் கட்டிலில் சுமந்துகொண்டு மலையிறங்கி வர வேண்டிய ஊர்களே அதிகம். அதன்மேல் 1950களின் நடுவிலே நாகா போராளிகளுக்கும் இந்தியப் படைக்கும் இடையே ஆயுதப் போர் மூண்டது. 1958இல் படைகளுக்கு விசேட அதிகாரம் வழங்கும் சட்டம் வந்தது. ஊர்கள் எரிந்தன; மக்கள் காடுகளுக்குள் ஓடினர்; ஊர்களைப் பிடுங்கி ஓரிடத்தில் குவித்து வைத்த காலமும் உண்டு. இதைப் படிப்போருக்கு அந்த நாட்களை விவரிக்கத் தேவையில்லை.

அவ்வாறான காலத்தில் வைத்தியர் என்பவருக்கு இரு பக்கமும் உண்டு. காயப்பட்டு வருபவன் யார் என்று ஒரு தரப்புக் கேட்கும். அரசாங்கச் சம்பளம் வாங்குபவன் நீ என்று மறு தரப்புச் சொல்லும். 1961இல், சமரசத்துக்காக உழைத்த நாகா மக்கள் மாநாட்டின் தலைவர் இம்கொங்லிபா ஆவோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் ஒரு வைத்தியர். அதே ஆவோ இனத்தவர். படித்தவன், சேவை செய்பவன் என்பது உயிருக்கு உத்தரவாதம் அன்று என்பதை மலையிலிருந்த ஒவ்வொரு வைத்தியருக்கும் அது உணர்த்தியிருக்கும். தலிமெரென் ஆவோ மலையை விட்டு அகலவில்லை.

1963 டிசம்பர் முதலாந் திகதி நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அந்த மாநிலத்தின் சுகாதார சேவைகள் பணிப்பாளர் பதவிக்கு வந்த முதல் நாகர் அவரே. பணிப்பாளர் என்றால் மேசைக்குப் பின் இருக்கும் வேலைதானே என்று நினைக்கத் தோன்றும். முன்பு அஸ்ஸாமின் ஒரு மூலை மாவட்டமாக இருந்த இடத்தில் மாநிலம் ஒன்றுக்கான சுகாதாரத் திணைக்களத்தை அமைப்பதென்பது மருந்து, கட்டடம், தாதியர், வைத்தியர் என எல்லாவற்றையும் தேடிச் சேர்ப்பதாகும். வைத்தியர் இல்லாத இடத்துக்கு வைத்தியரை அனுப்புவதே அதிற் பெரிய பாடு. அனுப்பினாலும் அவர் அங்கே தங்க வேண்டுமே. அடுத்த ஆண்டு, 1964 செப்டெம்பரில், போர்நிறுத்தம் வந்தது. அதன் பின்னர்தான் உள்ளூர்களுக்குச் சுகாதாரப் பணி ஓரளவு ஒழுங்காகப் போய்ச் சேர முடிந்தது. 1978இல் ஓய்வுபெறும் வரை அவர் இந்தப் பணியிலேயே இருந்தார்.

வீட்டிலே அவர் இரண்டு ஆண் மக்களுக்கும் இரண்டு பெண் மக்களுக்கும் தந்தை. ஒலிம்பிக் வீரர் என்பதை அவர் எங்கும் விளம்பரப்படுத்திக்கொண்டவரல்லர். வைத்தியராக அவரிடம் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அவர் கால்கள் ஒரு காலத்தில் என்ன செய்தன என்பது தெரிந்திருக்கவும் மாட்டாது. விருதுகளைப் பற்றிய பேச்சும் வருவதுண்டு. இந்தியாவில் விளையாட்டு வீரர்களுக்கான அர்ச்சுனா விருது தொடங்கப்பட்டது 1961இல். அதற்குள் அவர் மைதானத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒலிம்பிக்கில் முதன்முதல் ஆடிய அணியின் தலைவரை நாடு இன்னும் கொஞ்சம் நினைவு வைத்திருக்கலாம் என்ற மனக்குறை வடகிழக்கு மக்களிடம் நெடுநாள் இருந்தது. அதில் நியாயம் உண்டு. அவர் அதனைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி, எண்பதாவது வயதில், அவர் காலமானார். தந்தையை இழந்து அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் அஸ்ஸாமிலும் நாகாலாந்திலும் அவர் பெயரில் விளையாட்டரங்குகள் எழுந்தன. படித்த கொட்டன் கல்லூரியும் அவரை மறக்கவில்லை. 2009ஆம் ஆண்டில் வடகிழக்கு மாநிலங்களின் இளைஞர் அணிகளுக்கிடையே வைத்தியர் ரி. ஆவோ கிண்ணம் என்ற பெயரில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு வந்த மலைநாட்டுப் பிள்ளைகள் அனைவரும் சப்பாத்து அணிந்தே ஆடினார்கள்.